மாடன் என் மேல் வராத மதியக்கொடை

கோயில் கொடைக்கு நாள் குறித்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு கவலை வந்துவிடும். பெங்களூரில் இருப்பவனுக்கு ரயில் டிக்கெட். பட்டாளத்தில் இருப்பவனுக்கு லீவு. பந்தல்காரருக்கு ஆடிச் சாரல். எனக்கு இத்தனை வருசமும் ஒரே கவலைதான்: முதல் பந்தியில் இடம் கிடைக்குமா என்பது. அந்த நிம்மதியான வாழ்க்கை ஓர் இசிஜி தாளால் முடிவுக்கு வந்தது.

இசிஜி என்னுடையதல்ல, பெரியப்பா மகன் அண்ணனுடையது. மேலகரத்துக்கு மேற்கே தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிற எங்கள் மாடன் கோயிலுக்கு அவர்தான் கோமரத்தாடி. கொடையன்று சாமி இறங்குவது அவர் உடம்பில்தான். மேளம் உச்சத்துக்குப் போகும்போது அவர் கண் மாறும். கொதிக்கிற மஞ்சள் பானைக்குள் கமுகம்பாளையை முக்கி எடுத்துத் தோளிலும் நெஞ்சிலும் அடித்துக்கொள்வார். பிறகு திருநீறு கொடுத்துக் குறி சொல்வார். அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். சாமியாடலாமா என்று கேட்கிற தைரியம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

அடுத்து யார் என்று வம்சக் கணக்குப் பார்த்தார்கள். அண்ணன் மகன் எங்கோ பனிமலையில் துப்பாக்கியோடு நிற்கிறான். அவனை விட்டால் அடுத்த ஆண்வாரிசு யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

நான் தென்காசியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அடுத்தவர்களுக்குப் பயத்தை எடுத்துச் சொல்லிப் பிழைக்கிறவன். எனக்கென்று சொந்தமாக இருக்கிற பயத்தை மட்டும் இதுவரை யார் தலையிலும் கட்ட முடிந்ததில்லை. குடும்பத்தில் என் வேலை சிரிக்க வைப்பது. சாவு விழுந்த துட்டி வீட்டில்கூட எனக்குப் பக்கத்தில் உட்காரப் பெண்கள் யோசிப்பார்கள், சிரித்துவிடுவோமோ என்று. இப்படிப்பட்டவனைப் போய் மாடனுக்கு உடம்பாக நிறுத்தினால், மாடன்தான் என்ன செய்யும்?

இதை நான் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. தீர்மானம் ஆகிவிட்டது என்று அதில்தான் எனக்குப் புரிந்தது.

சித்தப்பா சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கொடையைப் பந்தோபஸ்து போல நடத்துவார். அவர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "இன்னா பாருங்க. எல்லாவனும் எங்கெங்கயோ இருந்து அலுத்துச் சலிச்சு வருதான். பிள்ளைகளுக்கு இங்கன இருப்புக் கொள்ளல. இந்தத் தடவ மாடன் யார் மேலயாவது இறங்கட்டும், நடத்துவோம். இறங்கலன்னா கொடைய இத்தோட நிப்பாட்டிருவோம். அடுத்த வருசத்துல இருந்து ஐயர வச்சு ஒரு அபிஷேகம், செல்போன்ல லைவ். எல்லாவனுக்கும் லீவு மிச்சம்."

யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. பெங்களூர்க்காரன் தலையை ஆட்டினான். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். எல்லோருக்கும் களைப்பு. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். வருசா வருசம் பந்தல், பந்தி, ஈரத் துண்டு, சளி. ஆனால் நிறுத்துவதென்றால் சண்டை போட்டு நிறுத்தட்டும். என் உடம்பைச் சாக்கு வைத்தா நிறுத்துவது? "இவன் காலத்துலதாம்ல மாடன் போச்சு" என்று பேரன் பேத்தி வரைக்கும் சொல்லுவார்கள். அண்ணன் இருபது வருசம் ஆடியதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அண்ணனிடமே போய்க் கேட்டேன். "அண்ணே, சாமி எப்பம் வரும்?"

"அது என்ன செங்கோட்டை பஸ்ஸாலே, டயம் சொல்ல?"

"வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"வந்தா நீ இருக்க மாட்டலே. பொறவு எப்படித் தெரியும் ஒனக்கு?"

இன்சூரன்ஸில் இதற்கு வேறு பெயர். அன்று ராத்திரி தூக்கம் போயிற்று.

காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறியதும் விரதம். ஒரு வேளைச் சோறு, அதிலும் புளி இல்லை. பசியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வெந்நீரைத்தான் பொறுக்க முடியவில்லை, இன்னும் மேலே படாமலேயே. ஒருநாள் குளியலறையில் ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்து, கொஞ்சம் பழகிக்கொள்வோமே என்று ஒரு கொத்து மாவிலையை முக்கித் தோளில் அடித்துப் பார்த்தேன்.

வெளியே மனைவி கதவைத் தட்டினாள். "ஏங்க, உள்ள யாரு கிடந்து அலறுதது?"

"வெந்நீர் பதம் பாக்கேன்."

"பதம் பாக்கதுன்னா விரல விட்டுப் பாக்க வேண்டியதானே. அதுக்கு எதுக்கு அம்மையக் கூப்பிடுதீங்க?"

அதே வாரம் கோயம்புத்தூரில் படிக்கிற மகள் போன் செய்தாள். கல்லூரியில் பேச்சுப் போட்டியாம். திருவிழாக்கள் நமக்குக் கற்றுத்தரும் விழுமியங்கள் என்று தலைப்பு. "மூணு பாயிண்ட் சொல்லுங்கப்பா. நீங்கதான் இப்பம் சாமியாச்சே."

"ஒண்ணு, பயம்."

"ம். ரெண்டு?"

"வெந்நீர்."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த வாரம் எனக்குத் தெரிந்த விழுமியம் அவ்வளவுதான்.

கொடையன்று விடியற்காலையில் குற்றாலத்துக்குப் போய்த் தீர்த்தம் எடுத்து வருவது வழக்கம். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பேரருவிக்குப் போனால் அங்கே சீசன் கூட்டம் நெரிந்தது. எண்ணெய் வழிகிற முதுகுகள், ஷாம்பு பாக்கெட்டுகள், ஈரத்தில் மிதிபட்ட வாழைப்பழத் தோல்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மழைக்கோட்டும் விசிலுமாக என் தங்கச்சி நின்றிருந்தாள்.

அவள் போலீசில் ஏட்டு. சுந்தரபாண்டியபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு விவசாயம். சூரியகாந்தி பூத்தால் போட்டோ எடுக்க வருகிறவர்களை விரட்டுவது அவர் வேலை. சாரல் விழுந்தால் குளிக்க வருகிறவர்களை விரட்டுவது இவள் வேலை. வீடு முழுக்க விரட்டிக் களைத்தவர்கள்.

"வழி விடுங்க, தீர்த்தக் குடம் வருது" என்று கூட்டத்தைப் பிளந்து எனக்கு இடம் செய்து கொடுத்தாள். குரல் கட்டிப்போயிருந்தது. குடம் நிறைந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, முகமே சரியில்ல?"

"விரதம்."

"விரதமா, பேதியா?"

"ரெண்டும்."

அவள் சிரிக்க முயன்று இருமினாள். "ராத்திரி முச்சூடும் நின்னேன். காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்ல. மத்தியானம் அரை மணி நேரம் பர்மிஷன் கேட்டிருக்கேன். வந்து மொத அகப்பைய வாங்கிட்டு ஓடி வந்துருவேன். எனக்காண்டி நேரத்த நீட்டிராத."

முதல் அகப்பை என்பது எங்கள் கொடையில் ஒரு முறை. பொங்கல் இறக்கியதும் முதல் அகப்பை, வெளியில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு. அவள் இலையை நீட்டி வாங்குகிற வரைக்கும் ஆண்கள் யாரும் பந்தியில் உட்கார முடியாது, அது எஸ்.ஐ.யாக இருந்தாலும் சரி. சிறு வயதில் எங்களுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. அத்தை வருகிற வரை பசியோடு காத்திருந்ததில் தெரிந்துகொண்டோம். ஆனால் மரியாதை அந்த அகப்பையோடு சரி. சாமி அந்தப் பெண்கள் மேல் இறங்குவது கிடையாது. தாலி ஏறியபோதே அவர்களைப் புருசன் வீட்டுச் சாமிக்குப் பேர் மாற்றிக் கொடுத்தாயிற்று என்பது கணக்கு. எங்கள் தொழிலில் பாலிசிக்கு வாரிசு மாற்றுவோமே, அந்த மாதிரி.

உச்சிவேளையில் எனக்குக் கட்டி விட்டார்கள். மணி கோத்த சல்லடம் என்கிற அரைக்கால் உடுப்பு, இடுப்புக் கச்சை, தலைக்குக் குல்லாய். எல்லாம் அண்ணன் இடுப்புக்குத் தைத்தது. என் வயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. மனைவி சேலைக்குக் குத்தியிருந்த ஊக்குகளைக் கழற்றிக் கழற்றி என்னிடம் குத்தினாள். "மூச்ச இழுத்து விடாதீங்க, தெறிச்சுரும்" என்றாள். சாமி வருவதற்கு மூச்சுத்தான் முக்கியம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். இரண்டில் எதைக் கேட்பது?

சாரல் பந்தலின் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. உறுமி ஆரம்பித்தது, நாயனம் சேர்ந்தது, தவில் இரண்டும் ஏறின. பானையில் மஞ்சள் நீர் குமிழி விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வா என்றேன். வராதே என்றேன். இரண்டையும் ஒரே நேரத்தில் சொன்னால் மாடன் குழம்பாதா? முழங்கால் வலித்தது. இடது பக்க ஊக்கு குத்தியது. பெங்களூர்க்காரன் வீடியோ எடுக்கிறான் என்பது கண்ணை மூடியும் தெரிந்தது. என் உடம்பில் இருந்ததெல்லாம் நான்தான். அவ்வளவு நெருக்கமாக நான் என்னோடு இருந்ததே இல்லை.

மேளக்காரர்கள் இரக்கப்பட்டு இன்னொரு சுற்று ஏற்றினார்கள். நான் இடமும் வலமுமாக அசைந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "போதும்லே. வயித்துல வாயு அடைச்சவன் மாதிரி இருக்கு."

சிலர் சிரித்தார்கள். இத்தனை காலம் சிரிக்க வைத்தவனுக்கு அந்தச் சிரிப்பு வேண்டாததாக இருந்தது. ஒரு கத்தல் கத்திப் பாளையைப் பிடுங்கியிருந்தால் நம்பியிருப்பார்கள். நம்புவதற்கு ஆசையாகத்தான் நின்றார்கள். எனக்கு வெந்நீரும் பயம், அந்த முகங்களும் பயம். கண்ணைத் திறந்து கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினேன்.

"வரல" என்றேன்.

உறுமி கடைசியாக ஒருமுறை முனகி அடங்கியது. தகரத்தில் சாரல் மட்டும் கேட்டது. சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். செத்தவர் வீட்டில் நேரம் குறிப்பது போல இருந்தது.

"சரி. அவ்வளவுதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. "பொங்கல இறக்குங்க. ஏட்டு வந்துட்டாளா? அவ வாங்கினாத்தான நாம உக்கார முடியும்."

அவள் அப்போதுதான் மாப்பிள்ளையின் பைக்கிலிருந்து இறங்கி, பூட்ஸைக் கழற்றிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி பந்தலுக்குள் வந்தாள். மழைக்கோட்டுக்குள் காக்கிச் சட்டை. நின்று நின்று பாதம் வெளிறி ஊறிப்போயிருந்தது. நடந்தது என்னவென்று என் குல்லாயைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து, "விடு அண்ணே" என்றாள்.

பொங்கல் இறக்குகிற நேரத்தில் சும்மா இருக்க வேண்டாமே என்று வில்லுப்பாட்டுக்கார அம்மா வில்லைத் தட்டி வழக்கமான கதையை எடுத்தார். மாடன் எங்கள் ஊருக்கு வந்த கதை. வருசா வருசம் பாடுவதுதான். அந்த நேரத்தில்தான் நாங்கள் போனைப் பார்ப்போம். மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்துச் சீமையில் இருந்த சாமி அது. அங்கிருந்து எங்கள் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த பெண், பிறந்த வீட்டில் அந்தச் சாமி நின்ற இடத்துப் பிடிமண்ணைச் சீதனப் பெட்டியில் வைத்துக் கணவாய் வழியாகக் கொண்டுவருகிறாள். இங்கே வாசலில் மாமனார் மறிக்கிறார். உனக்கு இடம் உண்டு, உன் சாமிக்கு இல்லை என்கிறார். அதற்கு இல்லாத இடம் எனக்கும் வேண்டாம் என்று அவள் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமல் மழையில் நிற்கிறாள். கால் மரத்துப்போகிறது. நிற்கிறாள்.

வில்லுக்காரம்மா அந்த இடத்தை இழுத்துப் பாடுவார். "நிக்காளே, நிக்காளே" என்று கூடப் பாடுகிறவர்கள் வாங்குவார்கள்.

தங்கச்சி கையிலிருந்த வாழை இலை நடுங்குவதை நான்தான் முதலில் பார்த்தேன். குளிர் என்று நினைத்தேன். அப்புறம் தொப்பி விழுந்தது. அவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. மழைக்கோட்டை உரித்துப் போட்டுவிட்டு நேராக நடந்து மஞ்சள் பானைக்கு முன்னால் போய் நின்றாள். நான் தொடப் பயந்த கமுகம்பாளையை எடுத்தாள். முக்கினாள். காக்கிச் சட்டையின் மேலேயே தோளில் அடித்தாள். ஆவி பறந்தது. இன்னொரு தோள். மேளக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உறுமி தானாகப் பேச ஆரம்பித்தது.

"யூனிபார்ம், யூனிபார்ம்" என்று முனகினார் சித்தப்பா. முப்பது வருசப் பழக்கம். அப்புறம் அவருக்கு மற்றது நினைவு வந்தது. "இவ அடுத்த வீட்டுக்குப் போனவல்லா. இது முறை இல்லயே."

அவள் திரும்பினாள். அந்தக் கண் என் தங்கச்சியுடையது இல்லை. நான் நம்புகிறேனா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் வளவளவென்று ஏதாவது சொல்லுவேன். அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்று கேட்டால் எனக்கு வாய் வராது.

அவள் சித்தப்பாவுக்கு நேராக வந்து நின்றாள். "நான் யாரு கூட வந்தேன்?"

சித்தப்பா ஓரடி பின்னால் போனார்.

"சொல்லுலே. யாரு கூட வந்தேன்?"

"பொண்ணு கூட, சாமி" என்றார் அவர், வாத்தியார் எழுப்பிக் கேட்ட பிள்ளை மாதிரி.

"அப்பம் நான் வார வழி தெரிஞ்சிருக்கில்லா?"

"தெரியும், சாமி."

அவ்வளவுதான் குறி. வேறு ஒன்றும் சொல்லவில்லை. திருநீற்றுக் கொப்பரையை எடுத்து ஒவ்வொருவர் நெற்றியிலும் பூசிக்கொண்டே போனாள். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். எழுந்திருக்காதீங்க என்று யாரும் சொல்லவில்லை. பெங்களூர்க்காரன் போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தான். என் முறை வந்தபோது அந்தக் கட்டைவிரல் என் நெற்றியில் சற்று அழுத்தமாகப் பதிந்தது. திட்டா, ஆறுதலா, எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் சரிந்தாள். மாப்பிள்ளை ஓடிவந்து தாங்கிக்கொண்டார். தண்ணீர் தெளித்ததும் கண் விழித்து அவள் கேட்ட முதல் கேள்வி: "மணி என்னாச்சு?"

சட்டை முழுக்க மஞ்சள். அரை மணி பர்மிஷன் எப்போதோ முடிந்திருந்தது. பெண்கள் துடைத்துப் பார்த்தார்கள், மஞ்சள் போகுமா? சித்தப்பாதான் மழைக்கோட்டை எடுத்து உதறி அவளுக்குப் போட்டு, பொத்தானைக் கழுத்து வரை மாட்டிவிட்டார். "இதக் கழத்திராத. யாரும் கேட்டா காய்ச்சல்னு சொல்லு." முதல் அகப்பைப் பொங்கலை அவள் நின்றபடியே ரெண்டு வாய் தின்றாள். ஆண்கள் பந்திக்கு உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளையிடம் அண்ணன் தயங்கிக் கேட்டார், அவர்கள் வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களே என்று.

"எங்க வீட்டுச் சாமியா? அது ஏற்கெனவே இவளுக்குப் பயந்துதான் மச்சான் இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

சித்தப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி, சோற்றில் கை வைக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, அடுத்த வருசம் லீவ இப்பமே எழுதிக் குடுத்துரு."

"ஆடியில எவன் சித்தப்பா லீவு தருவான்? சீசன் டூட்டி. அரை மணி பர்மிஷன்லயா சாமியாட முடியும்?"

அது அவருக்குத் தெரியாததல்ல. அவரே எத்தனை பேருக்கு அந்த லீவை மறுத்திருப்பார். சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். "அப்பம் கொடையத் தை கடைசிக்கு மாத்துவோம்."

"மாடங்கிட்ட கேக்கண்டாமா?" என்றார் அண்ணன்.

"கேக்கதுன்னா எங்கிட்டதான அண்ணே கேக்கணும்" என்றாள் அவள், பெல்ட்டை இறுக்கிக்கொண்டே.

மாப்பிள்ளை பந்தியில் மாட்டிக்கொண்டதால் அவளைக் குற்றாலத்தில் விடும் வேலை எனக்கு வந்தது. குல்லாயையும் சல்லடத்தையும் கழற்றி, ஊக்குகளை மனைவியிடம் எண்ணாமல் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சாமி என் மேல் வராததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பித்தோம் என்று சந்தோசமாகத்தான் இருந்தது. லேசாக வலிக்கவும் செய்தது. யாராவது கிண்டலாவது செய்திருக்கலாம்.

சாலையில் சுற்றுலா வேன்கள் வரிசை கட்டி நின்றன. அவள் என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"சுட்டுச்சாட்டி?"

"சட்டையில பேர்த் தகடு குத்தியிருந்த இடம் மட்டும் இப்பம் காந்துது."

"மத்த இடம்?"

தூங்கிப்போயிருந்தாள். நான் ஹாரன் அடிக்காமல் வேன்களுக்குப் பின்னால் மெதுவாகவே போனேன். பசித்தது.

அருவிக்கரையில் இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொப்பியை மாட்டினாள். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

"ஏட்டி, தை கடைசியில அருவியில தண்ணி ஏது? நூல் மாதிரில்லா வடியும். தீர்த்தத்துக்கு எங்க போக?"

அவள் என்னைக் களைப்பாகப் பார்த்தாள்.

"குடம் நெறையுத வரைக்கும் கூடக் கொஞ்ச நேரம் நின்னு பிடி அண்ணே. நிக்கதுக்கு என்ன?" என்றாள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள்.